ஐந்தாம் நிலைக்கு முன்னர்

பாண் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. காலையில் நான் பத்திரிகைத் தாளில் சுற்றி, றப்பர் பட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கொடுத்தபடியே அவருடைய பையின் அடியில் கிடந்தது. நேரம் பிற்பகல் மூன்று இருபது. மூன்றரைக்குச் சிலுவைப்பாதை புறப்பட வேண்டும். என் கணவர் கோயில் முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் இருந்தார். அவருடைய கன்னத்தில் ஒருவர் பசை பூசி ஆண்டவர் வேஷத்துக்கான தாடியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலை ஆறு மணிக்கு அவர் இன்சுலின் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் ஆள் மயங்கி விழுவார். கவனியாமல் விட்டால் செத்தும் போவார். கிளினிக்கில் தாதி இதை எங்கள் இருவருக்கும் மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்றாம் தடவை என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

ஊசி விடயம் வேறு எவருக்கும் தெரியாது. அவர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசி போடுகிறவர் என்று தெரிந்தால் சுக்கானில் விடமாட்டார்கள், கரைக்கு இறக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். சொன்னவர் யார், எந்த விதியின்படி என்று நான் பலமுறை கேட்டேன். பதினொரு வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவளுக்கு அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது. அவர் பேச்சை மாற்றிவிடுவார். சீனி இறங்கினால் கொடுக்கவென்று பையில் டொபி கொண்டு திரியும் என் பழக்கத்தையும் அவரே நிறுத்தினார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ பகிடியாக, “ஆருக்கு உங்கட வீட்டில சீனி வருத்தம்?” என்று கேட்ட நாளோடு அது நின்றது.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. சிலுவைப்பாதையில் ஆண்டவராக நடப்பவர் முதல்நாள் இரவிலிருந்து ஒருசந்தி இருப்பார். பச்சைத் தண்ணீர் மட்டும். யாரும் அதைக் கட்டளையிடுவதில்லை, இருந்தீர்களா என்று கேட்பதுமில்லை. அவர் சாப்பிட்டுவிட்டே நடந்திருக்கலாம், பொய்கூடச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“சாப்பிடேல்லையே நீங்கள்?”

“சாப்பிட்டனான்.”

“பாண் பையுக்க கிடக்கு.”

“மெல்லக் கதையும். ஃபாதர் நிக்கிறார்.”

“ஒரு டொபியாவது வாங்கிக்கொண்டு வாறன். வாயில போடுங்கோ.”

“நல்லாயிருக்கும்” என்றார். “ஆண்டவர் டொபி சூப்பிக்கொண்டு சிலுவை சுமக்கிறார். பேந்து உம்மட பேப்பரிலயே போடுவீர்.”

தாடி ஒட்டுகிறவர் சிரித்தார். இவரும் சிரித்தார். ஒட்டிய இடம் இழுபட்டதால் பாதியில் நிறுத்தினார். நானும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு மணித்தியாலம்தானே என்று எனக்கு நானே சொன்னேன்.

தவக்காலத்தின் நான்காவது வெள்ளி. மாசிப் பனி போய்விட்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் எல்லாம் ஒன்றாக வரும். சிவராத்திரிக்குப் போட்ட பந்தலின் கம்புகள் ஒரு சந்தியில் இன்னும் நின்றன. பள்ளிக்கூட மைதானத்தில் மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு மேளம் அடித்துப் பழகினார்கள். முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம், தேத்தண்ணிக் கடைகளின் முன்பலகைகள் பாதி சாத்தியிருந்தன.

அந்த வருடம் சிலுவைப்பாதையில் ஒரு மாற்றம் செய்திருந்தோம். முந்திய வருடங்களில் ஆண்டவரும் போர்ச்சேவகரும் இலக்கணத் தமிழில் பேசுவார்கள். “எழுந்திரு, மானிடா” என்பார் சேவகர். இளைஞர் மன்றத்தார் அதை மாற்றக் கேட்டார்கள். “எங்கட சனம் கதைக்கிற மாதிரி எழுதித் தாங்கோ அக்கா, அப்பதான் நெஞ்சில படும்” என்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டு கிழமை இருந்து பிரதியை முழுக்க மாற்றினேன். வழியில் நின்று நடிக்கும் பதினான்கு நிலைகளில் ஏழாவதில், இரண்டாம் முறை விழும்போது, ஆண்டவர் “தந்தையே, என்னால் இயலாது” என்று சொல்வதாக இருந்தது. அதை வெட்டி “அப்பா, எனக்கு ஏலாது” என்று எழுதினேன். எழுதியபோது திருப்தியாக இருந்தது.

ஒலிபெருக்கி ஒரு ஓட்டோவின் கூரையில் கட்டப்பட்டிருந்தது. ஓட்டோ முன்னால் ஊர்ந்தது. அதன் பின்னால் வயர் போட்ட மைக்கும் பிரதியுமாக நான் நடந்தேன். ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் வாசிப்பது என் வேலை. அவருடைய அங்கியின் கழுத்தில் வயரில்லாத சின்ன மைக் ஒன்று குத்தப்பட்டிருந்தது. மற்றவர்கள் தொண்டையால் கத்தினார்கள். தலைமைச் சேவகராக வந்தவர் என் கணவரின் படகிலேயே இயந்திரம் பார்க்கிறவர், லிங்கநகரில் எங்களுக்கு மூன்றாம் வீடு. சாட்டையும் அவர் செய்ததுதான், படகின் பழைய கயிற்றைப் பிரித்துப் பின்னியது.

முதலாம், இரண்டாம் நிலைகளில் பிழையில்லை. மூன்றாம் நிலையில் விழ வேண்டும், விழுந்தார். பழகியபடி வலது முழங்காலை முதலில் ஊன்றி எழும்பினார். அதைப் பார்த்தபிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

சிலுவை உள்ளே கோறையான, பாரமில்லாத பலகைச் சிலுவை. அதன் வால் தார் றோட்டில் உரசி ஒரே சீராகச் சத்தம் போடும். மூன்றாம் நிலை கழிந்து கொஞ்சத் தூரத்தில் அந்தச் சத்தம் மாறியது. இழுபடும், நிற்கும், இரண்டு தரம் தட்டும், மறுபடி இழுபடும். திரும்பிப் பார்த்தேன். இடது கன்னத்தில் தாடி கழன்று தொங்கியது. எல்லோருக்கும்தான் வியர்த்தது, அது வெயில். ஆனால் அவருடைய அங்கி முதுகிலிருந்து இடுப்புவரை ஒட்டிப்போயிருந்தது. சிலுவையைப் பிடித்த கை நடுங்கியது.

நான்காம் நிலையில் தாயாராக வந்த பெண், “மகனே, உன்ர முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கே” என்று அழுதார். அதற்கு அவர் நான்கு வரி சொல்ல வேண்டும். அவர் அந்தப் பெண்ணை, எங்கோ கண்ட ஆள்போல, உற்றுப் பார்த்தார்.

“ஓம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஓம், ஓம்” என்றார்.

சனத்துக்கு அது பிடித்திருந்தது. என் பக்கத்தில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்து, “என்ன உருக்கமா நடிக்கிறார் பாரன்” என்று மற்றவளிடம் சொன்னாள்.

ஐந்தாம் நிலையில் சிலுவைக்குக் கைகொடுக்கும் மனிதர் ஒரு மதிலோரம் காத்து நின்றார். அவரை அடைய இருபது யார் தூரம் இருந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரியும் மான்களில் மூன்று, வழியில் நிழலுக்குப் படுத்திருந்தவை, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தன. அந்த இடத்தில் என் கணவர் விழுந்தார். முழங்கால் முதலில் படவில்லை. தோளும் முகமும் ஒன்றாகத் தரையில் பட்டன. சிலுவை அவருக்கு மேலே விழுந்தது. ஒலிபெருக்கியில் ஒரு சொல் கேட்டது.

“ஏலாது.”

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பிரதியைப் பார்த்தேன். அந்தச் சொல் மூன்று பக்கம் தள்ளி இருந்தது. பக்கத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன். “அப்பா”வும் இல்லை, “எனக்கு”ம் இல்லை, வெறும் “ஏலாது” என்பதைக் காது பிடித்துக்கொண்டது. அவருக்கு என்ன நடக்கிறது என்று அங்கே நின்ற சனத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சனத்தின் நடுவே அவருடைய படகுக்காரர் ஏழெட்டுப் பேர் தகரக் கவசம் கட்டிச் சேவகர் வேஷத்தில் நின்றார்கள். வாயைத் திறந்தால் அவருடைய வேலை போகும். அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒருவரின் போனில் இருந்த வீடியோவில் பார்த்தேன். அவர் விழுந்ததிலிருந்து நான் பேசியதுவரை முப்பத்தெட்டு செக்கன்.

அதற்குள் தலைமைச் சேவகர் சாட்டையை வீசினார். இரண்டு அடி.

“எழும்படா! என்ன, நடிக்கிறியோ?”

அதுவும் நான் எழுதிய வரிதான்.

அவர் அசையவில்லை. நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். “நிப்பாட்டுங்கோ! அவருக்கு ஏலாமல் கிடக்கு, நிப்பாட்டுங்கோ!”

ஒருவரும் நிறுத்தவில்லை. பின்னால் வந்த பெண்கள் எட்டாம் நிலையில் ஒப்பாரி வைக்கப் பழகியிருந்தவர்கள். என் குரலைக் கேட்டதும் தங்கள் முறை முந்தி வந்துவிட்டது என்று நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினார்கள். “நிப்பாட்டுங்கோ, அடிக்காதேங்கோ!” என்று அவர்களும் கத்தினார்கள். சனம் கண்ணீர் விட்டது. இலக்கணத் தமிழில் நடந்திருந்தால் என் பேச்சு வேறு, நாடகப் பேச்சு வேறு என்று தெரிந்திருக்கும். இப்போது என் கத்தலுக்கும் நாடகத்துக்கும் இடையில் ஒரு மயிரளவு வித்தியாசமும் இல்லை. அந்த நேரம் எனக்கு வந்த பயத்தைப்போல் ஒன்றை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அவர் எல்லோருடைய கண் முன்னாலும் செத்துக்கொண்டிருக்கிறார், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“சீனி!” என்று கத்தினேன். “ஆராவது சீனி கொண்டு வாங்கோ!”

சாட்டை பாதியில் நின்றது. தலைமைச் சேவகர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சீனியோ? அது எந்தப் பக்கத்திலயக்கா?”

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னமே என் மச்சாள், அவருடைய தங்கை, அங்கே வந்துவிட்டாள். ஆண்டவரின் முகம் துடைக்கும் பெண்ணாக நடிக்கக் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவள். வெள்ளைத் துணியோடு ஆறாம் நிலையில் நின்றவள் அண்ணன் விழுந்த விதம் பிடிக்காமல் ஓடிவந்திருந்தாள். துணியால் அவருடைய முகத்தைத் தொட்டாள். கையை உடனே எடுத்தாள்.

“அண்ணி, அண்ணைக்கு உடம்பு பச்சைத்தண்ணி மாதிரிக் குளிருது.”

அப்போது பாதி சாத்திய கடையொன்றிலிருந்து தொப்பி போட்ட ஒரு மனிதர் சீனி இருந்த தகர ரின்னோடு வந்தார். கடைக்கார நானா. சனத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தார்.

“தள்ளுங்க, தள்ளுங்க. இது நாடகமில்ல.” என்றவர் என் காதருகே குனிந்தார். “நோன்போட ஊசி போட்டிருக்காரா புள்ள?”

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை.

“எங்கட வீட்டிலயும் போன நோன்புக்கு இப்பிடித்தான் உழுந்தாங்க. தண்ணி ஊத்தாதீங்க, புரைக்கேறிடும். சீனியக் கன்னத்துக்குள்ள வச்சுத் தடவுங்க.”

அவரைப் பக்கவாட்டில் திருப்பினோம். வாயில் மண் இருந்தது, அதைத் துடைத்தேன். விரலில் சீனியைத் தொட்டுப் பல்முரசில் தேய்த்தேன். பல் இறுகியிருந்தது. என் விரல் கடிபட்டது. அது எனக்கு நல்லதாகவே பட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கிட்ட நின்ற வாகனம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோதான். நான்கு சேவகர்கள் தூக்கி ஏற்றினார்கள். தலை என் மடியில். மச்சாள் கால்மாட்டில். ஓட்டோ துறைமுக வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரம் நான்கு மணியைக் கடந்திருந்தது. வேலை மாறும் நேரம், வாசலில் ஆட்கள் நிறைய நின்றார்கள்.

அந்த இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் எடுத்தது. நாக்கு தடித்திருந்தது.

“துறைமுகத்தில சொல்லிப்போடாதையும்” என்றார். “ஊசியெண்டு சொல்லிப்போடாதையும்.”

அதை இரண்டு தடவை கேட்டேன். ஒருதரம் என் மடியிலிருந்து. அடுத்த கணம், பெரிதாக, தலைக்கு மேலேயிருந்து. அது துறைமுக மதிலில் பட்டுத் திரும்பியும் வந்தது. அங்கியின் கழுத்தில் அந்தச் சின்ன மைக் இன்னும் குத்தியபடி இருந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் மைக்கைப் பிடுங்கினேன். அங்கியின் துணியும் சேர்ந்து கிழிந்தது. சத்தம் நின்றது, அவருடைய கண்ணும் மறுபடி மூடியது. மிச்ச வழி முழுக்க நான் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊசி என்று அவள் கேட்டது அதுதான் முதல்முறை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஊழியர் ஒருவர் இரத்தக் கறைபோலச் சிவப்புப் பூசிய அங்கியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “எந்த வாகனம் அடிச்சது?”

“அது பெயின்ற். ரத்தமில்லை. சீனி இறங்கிட்டுது.”

டொக்டர் சிங்களப் பெண். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடிப் பேசினார். விரலில் குத்தி மெசினில் வைத்தார். எண் வரவில்லை. அதற்கும் கீழே போய்விட்டது என்று காட்டும் இரண்டு எழுத்து வந்தது. கையில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் கழிந்து அவர் இருமினார். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், தன் அங்கியைப் பார்த்தார்.

“சிலுவையை ஆர் கொண்டு போனது?” என்றார்.

நான் கட்டில் விளிம்பில் இருந்து, கழன்று தொங்கிய தாடியைப் பிய்த்து எடுத்தேன்.

ஐந்தரை மணியளவில் தலைமைச் சேவகர் வந்தார். உடுப்பு மாற்றவில்லை. தகரக் கவசத்தைக் கையில் பிடித்திருந்தார். வார்டில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“அண்ணை, சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பனே?”

“எப்ப அடிச்சனி?”

“உது பகிடியோ, மெய்யோ?”

“மெய்யாத்தான். நாலாம் நிலைக்குப் பிறகு ஒண்டும் நினைவில்லை.”

“நல்லது” என்றார் சேவகர். “முதுகைப் பாக்காதேங்கோ.” பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “சீனி வருத்தம் எண்டது எங்களுக்குத் தெரியுமக்கா. மூண்டு மாசமா அண்ணை படகில வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கிறவர். ஊசி எண்டதுதான் இண்டைக்குத் தெரிஞ்சது.”

“ஆர் சொன்னது?” என்றார் என் கணவர்.

இயந்திரம் பார்க்கிறவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

“நீங்கள்தான்” என்றேன். “ஓட்டோவில. மைக் வேலை செய்துகொண்டிருந்தது.”

“நீர் நிப்பாட்டேல்லையோ?”

“கவனிக்கேல்லை.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாட்டை பட்ட இடத்தில் அங்கி கிழிந்து, இரண்டு சிவந்த கோடுகள் தெரிந்தன. அவை பெயின்ற் அல்ல.

திங்கட்கிழமை துறைமுகத்தில் கூப்பிடுமுன் அவரே போனார். டொக்டர் தந்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் துறைமுக வாசலுக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். தோப்பூர்ப் பக்கம் போகும் பஸ்கள் மூன்று போயின. உள்ளே அவரை எப்படிப் பேசுவார்கள் என்பதைவிட, எங்காவது படிக்கட்டில் தனியாக விழுந்து கிடப்பாரோ என்பதுதான் என் மனதில் ஓடியது. இரண்டு தரம் வாசல் காவலாளியிடம் போய்க் கேட்டேன். இரண்டாம் தரம் அவர், “வருவாரம்மா, எங்க போறது” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்.

“கரையில நிக்கட்டாம். கயிற்றுக் கிடங்கில.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“சொல்லேல்லை. பாப்பமாம்.”

றோட்டைக் கடக்க நின்றோம். லொறி ஒன்று போனது.

“வீடியோ பாத்தனான்” என்றார். “கிடங்குப் பெடியள் காட்டினவை. நீர் பேப்பரைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்.”

“ஓம்.”

“என்ன பாத்தனீர்?”

“உங்கட வேலையை யோசிச்சனான்.”

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. உச்சி வெயிலில் எனக்கும்தான் துளிர்த்திருக்கும்.

“பசிக்குது” என்றார். வாசல் காவலாளிக்கும் கேட்கும் அளவு சத்தமாகச் சொன்னார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். குளிர்கிறதா என்று பார்த்தேன்.

“வெறும் பசிதான். விடும்.”

நான் விடவில்லை. பிடித்தபடியே றோட்டைக் கடந்து, சோற்றுக்கடைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். சோறு வர நேரமெடுத்தது. முதலில் ஒரு வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கும்போது விரல் நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கியதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அவர் மென்று விழுங்குவதை எண்ணிக்கொண்டே எதிரில் இருந்தேன்.